பதினெட்டுக் குழி, தொண்ணூற்றொன்பது வருடக் குத்தகை

ஹைதராபாத்தின் காற்று கெட்டுப்போனதைப் பற்றிச் செய்தி வந்தால் அதில் சனத்நகரின் பெயர் தவறாமல் இருக்கும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவீட்டு நிலையங்களில் ஒன்று இங்கே இருப்பது ஒரு காரணம். அளப்பதற்கு விஷயம் இருப்பது இன்னொரு காரணம். நிஜாம் ஆட்சியின் கடைசிக் காலத்தில் தொழிற்பேட்டையாக வகுக்கப்பட்ட இடம் இது. 1942-இல் பிறந்த ஆல்வின் கம்பெனி இங்கிருந்துதான் பஸ் கூடுகளும் ஃப்ரிட்ஜுகளும் செய்து நாடெங்கும் அனுப்பியது. இ.எஸ்.ஐ. மருத்துவமனை, சரக்கு ரயில் பாதை, ஃபதேநகர் பாலம், அந்தப் பக்கம் பாலாநகர் பட்டறைகள் என்று நெருக்கியடித்து நிற்கும் பேட்டை. மாலையில் கால் வீசி நடக்கக் காலனிப் பூங்காக்கள் உண்டு. நாலு சுற்றுச் சுற்றினால் தலை கிறுகிறுக்கும் அளவுக்கு அவை சின்னவை.

இங்கிருந்து தென்மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் கோல்கொண்டாக் கோட்டையின் மதிலுக்குள் 18 குழி கோல்ஃப் மைதானம் ஒன்று பச்சைப் பசேலென்று கிடக்கிறது. அதற்கும் மேற்கே கச்சிபௌலிப் பக்கம் இன்னொன்று. இரண்டும் அரசு கைவைத்துக் கொடுத்த நிலத்தில் இருப்பவை. ஹைதராபாத்துக்கு மட்டும் உரிய விசித்திரம் இது என்று சொல்வதற்கில்லை. சென்னை, டெல்லி, பெங்களூரு, கொல்கத்தா, கொழும்பு என்று துணைக்கண்டத்தின் பெருநகரங்கள் பலவற்றில், நெரிசலின் நடுவே ஒரு பெரிய பச்சைத் துண்டு கோல்ஃபுக்கென்று ஒதுங்கிக் கிடக்கிறது. பொது நிலம் ஒரு விளையாட்டின் கைக்கு எப்படிப் போகிறது, போன பிறகு அது இன்னும் பொது நிலம்தானா, திரும்ப எடுத்தால் என்னவாக எடுப்பது? இந்த மூன்று கேள்விகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் சென்னைக் கிண்டியில் நடப்பதும் கோல்கொண்டாவில் நடப்பதும் புரியும்.

முதலில் கணக்கு. டென்னிஸுக்கு மூன்று கிரவுண்டு இடம் இருந்தால் போதும். கிரிக்கெட்டுக்கு நாலைந்து ஏக்கர். 18 குழி கோல்ஃபுக்கு நூறு ஏக்கருக்குக் குறையாமல், பெரும்பாலும் அதற்கு மேலேயே வேண்டும். ஒரு குழுவில் நாலு பேர். பத்து நிமிடத்துக்கு ஒரு குழு என்று விட்டால் மணிக்கு 24 பேர் ஆட்டத்தைத் தொடங்கலாம். ஒரு சுற்று முடிய நாலு மணி நேரம் பிடிப்பதால் இருட்டுவதற்குள் முடிக்க வேண்டுமென்றால் ஒரு நாளில் ஆடக்கூடியவர்கள் நூற்றெண்பது, இருநூறு பேர். வாரநாளில் அதில் பாதிகூட வருவதில்லை. நகரத்தின் நடுவே நூறு ஏக்கரை நாளுக்கு இருநூறு பேருக்காக மூடி வைப்பதை நியாயப்படுத்த வேறு எந்த விளையாட்டுக்கும் துணிச்சல் வந்ததில்லை. இதோடு தண்ணீர்க் கணக்கும் சேரும். கோடையில் அந்தப் புல் உயிரோடு இருக்க அன்றாடம் லட்சக்கணக்கான லிட்டர் தேவை. இப்போது பல இடங்களில் சுத்திகரித்த கழிவுநீரைப் பாய்ச்சுகிறார்கள், அது முன்னேற்றம்தான்.

இவ்வளவு இடத்தைத் தின்னும் ஆட்டம், பிறந்த ஊரில் பொது ஆட்டமாகத்தான் இருந்தது என்பதை நம் ஊரில் பலர் அறிவதில்லை. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் கடலோரத்து மணல் மேடுகள் ஊர்ச் சொத்து. 1552-இல் அங்கிருந்த பேராயர் ஜான் ஹாமில்டன் எழுதிக் கொடுத்த பட்டயம், அந்த நிலத்தில் முயல் வளர்க்கும் உரிமையைத் தான் வைத்துக்கொண்டு, கோல்ஃப் உள்ளிட்ட ஆட்டங்களை ஆடும் உரிமை ஊர்மக்களுக்கு உண்டு என்று ஒப்புக்கொண்டது. இடையில் நகராட்சி கடன்பட்டு நிலத்தை விற்றதும், முயல் வியாபாரிகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் வழக்கும் கைகலப்பும் நடந்ததும் தனிக் கதை. கடைசியில் 1894-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே நிலம் ஊரின் கைக்குத் திரும்பியது. உலகின் மிகப் பிரபலமான அந்தப் பழைய மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை, பெரிய போட்டிகள் நடக்கும் சில நாட்களைத் தவிர, ஆட்டம் கிடையாது. அன்று ஊர்க்காரர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு, குழந்தைத் தள்ளுவண்டியோடு அதன் மேல் நடந்து திரிகிறார்கள். ஆறு நாள் மைதானம், ஒரு நாள் பூங்கா.

எடின்பரோவில் நடந்தது நமக்கு இன்னும் கிட்டத்தில் வருகிறது. நகரின் நடுவே ப்ரன்ட்ஸ்ஃபீல்ட் என்ற திறந்தவெளி. நூற்றாண்டுக் கணக்காக அங்கே பந்தடித்தார்கள். நகரம் பெருத்து, நடப்பவர்கள் கூடி, பந்து பட்டுக் காயம் என்ற புகார்கள் பெருகவே, நகராட்சி ஊருக்கு வெளியே ப்ரெய்ட் குன்றுகளை வாங்கி 1889-இல் அங்கே பொது மைதானம் திறந்தது. நீண்ட அடி அங்கே போனது. பழைய இடத்தில் குட்டிக் குழிகளை மட்டும் விட்டுவைத்தார்கள்; இன்றைக்கும் யார் வேண்டுமானாலும் மட்டையோடு வந்து காசில்லாமல் ஆடலாம், பக்கத்திலேயே மற்றவர்கள் புல்லில் படுத்துக் கிடக்கலாம். அமெரிக்காவில் 1895-இல் நியூயார்க் நகரம் பிராங்க்ஸ் பகுதியின் வான் கோர்ட்லாண்ட் பூங்காவில் ஒன்பது குழிகள் வெட்டியது. அந்நாட்டின் முதல் நகராட்சி கோல்ஃப் மைதானம் அது. அதன் பிறகு பூங்காவும் மைதானமும் ஒரே வேலிக்குள் இருக்கும் ஏற்பாடு அங்கே ஊருக்கு ஊர் பரவியது.

இந்தியாவுக்கு கோல்ஃப் வந்தபோது இந்தப் பொதுப் பாதி கப்பலிலேயே தங்கிவிட்டது. வந்து இறங்கியது கிளப் மட்டும்தான். 1829-இல் கல்கத்தாவில் தொடங்கிய சங்கம்தான் பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே மிகப் பழையது. 1842-இல் பம்பாய், 1876-இல் பெங்களூர், 1895-இல் கொடைக்கானல் என்று வரிசை நீண்டது. நகராட்சி என்ற ஒன்றே நம் ஊர்களில் நடை பழகிக்கொண்டிருந்த காலம் அது. நிலத்தைக் கொடுக்கும் கை கலெக்டருடையதாகவோ கன்டோன்மென்ட் அதிகாரியுடையதாகவோ இருந்தது. வாங்கும் கையும் மாலையில் அவர்களே போய் உட்காரும் கிளப்பினுடையது. பேரம் பேச ஆளில்லை. கொழும்பில் 1879-இல் தொடங்கிய சங்கத்தார் முதலில் காலி முகத்திடலிலேயே ஆடினார்கள். திடல் எல்லோரும் உலாவும் இடமாக இருந்ததால் 1896-இல் உள்ளே பொரளைப் பக்கம் தனி மைதானத்துக்கு மாறினார்கள். களனிப் பள்ளத்தாக்கு ரயில் இன்றும் அந்த மைதானத்தின் குறுக்கே ஓடுகிறது. திடல் மக்களிடம் தங்கியது. ஆட்டம் வேலிக்குள் போனது. எடின்பரோவில் நடந்த அதே இடமாற்றம்தான். ஆனால் எடின்பரோவில் புதிய இடம் ஊருக்கென்று வாங்கியது, கொழும்பில் அது உறுப்பினர்களுக்கு.

சுதந்திரம் வந்த பிறகும் இந்தப் பழக்கத்தில் பெரிய மாற்றமில்லை. உறுப்பினர் பட்டியலில் பெயர்கள் மாறின. ராணுவத்தின் கணக்கைப் பார்த்தால் இது நன்றாகத் தெரியும். கணக்குத் தணிக்கைத் தலைவரின் 2011-ஆம் ஆண்டு அறிக்கை, பாதுகாப்புத் துறை நிலத்தில் 97 கோல்ஃப் மைதானங்கள் 8,076 ஏக்கரில் இருப்பதாகச் சொன்னது. ராணுவத் தேவைக்கென்று ஒதுக்கிய முதல் தர நிலம் அது. வெளியாருக்கும் உறுப்பினர் அட்டை கொடுத்து வசூலித்த பணம் அரசுக் கணக்கில் சேரவில்லை என்றும் அறிக்கை குறைப்பட்டது. இவற்றுக்கு ராணுவம் சூட்டியிருக்கும் பெயர் ‘சுற்றுச்சூழல் பூங்கா மற்றும் பயிற்சிப் பகுதி’. செகந்திராபாத்திலும் அப்படி ஒன்று உண்டு. நம் நாட்டில் பூங்காவும் கோல்ஃபும் காகிதத்திலாவது ஒன்றுசேர்ந்தது இந்த வகையில்தான்.

இப்போது கோல்கொண்டாவுக்கு வருவோம். இந்த விவகாரத்தின் எல்லாச் சிக்கலும் ஒரே மதிலுக்குள் அடைபட்டுக் கிடக்கும் இடம் அது.

1656-இல் தக்காணத்தின் முகலாய ஆளுநராக இருந்த ஔரங்கசீப் கோல்கொண்டாவை முற்றுகையிட்டார். கோட்டையின் வடகிழக்கே இருந்த மேட்டிலிருந்து பீரங்கி வைத்தால் உள்ளே நேராக அடிக்கலாம் என்ற பலவீனம் அப்போது வெளிப்பட்டது. சமாதானம் ஆனதும் அப்துல்லா குதுப் ஷா அந்த மேட்டையும் சேர்த்து மதிலை நீட்டிக் கட்டினார். அதுதான் நயா கிலா, புதுக்கோட்டை. 1687-இல் ஔரங்கசீப் பேரரசராகத் திரும்பி வந்து எட்டு மாதம் போராடியதும் கோட்டை விழுந்ததும் பள்ளிப் பாடத்தில் உள்ளவை. நயா கிலாவுக்குள் முஸ்தஃபா கான் மசூதியும் முல்லா கயாலி மசூதியும் இருக்கின்றன. ‘ஹாத்தியான் கா ஜாட்’ என்று ஊரார் அழைக்கும் ஆப்பிரிக்கப் பெருக்க மரம் ஒன்றும் நிற்கிறது. நானூறு வயதுக்கு மேல் என்கிறார்கள். அடிமரம் ஒரு சின்ன வீட்டளவு. உள்ளே ஆள் நுழைந்து உட்காரலாம். சுற்றிலும் வயல்கள் இருந்தன. மதிலுக்குள்ளேயே விவசாயம் நடந்துகொண்டிருந்த நிலம் அது.

1990-களில் உருவான ஹைதராபாத் கோல்ஃப் சங்கம், ஆந்திர அரசின் சுற்றுலாத் துறையோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பேரில் இந்த மதிலுக்குள் மைதானம் அமைத்தது. சிறிதாகத் தொடங்கி, பிறகு 18 குழிகளாக விரிந்தது. காலம் அப்படி. சந்திரபாபு நாயுடுவின் ஆட்சியில் ஹைதராபாத்தை உலக வரைபடத்தில் ஏற்ற வேண்டும் என்ற துடிப்பு. வெளிநாட்டு முதலீட்டாளர் வந்தால் விமான நிலையம், நட்சத்திர ஹோட்டல், கோல்ஃப் மூன்றும் கேட்பார் என்பது அன்றைய அதிகாரிகளின் உறுதியான நம்பிக்கை. இந்த நம்பிக்கையை நிரூபிக்க யாரும் மெனக்கெட்டதாகத் தெரியவில்லை. பெங்களூருக்கு மென்பொருள் கம்பெனிகள் வந்ததற்கு அங்கிருந்த கோல்ஃப் புல்தான் காரணம் என்று இதுவரை யாரும் எழுதவில்லை.

கோல்கொண்டா மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். சார்மினார், குதுப் ஷாஹி கல்லறைகளோடு சேர்த்து 2010-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறியது. அதே ஆண்டில்தான் பழஞ்சின்னச் சட்டத்தில் திருத்தம் வந்து, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டுமானத் தடையும் அதற்கப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடும் இறுகின. மதிலுக்குள்ளே மண்ணை மேடாகவும் பள்ளமாகவும் புரட்டி, குழாய் பதித்து, புல் பாவுவது கட்டுமானமா இல்லையா என்ற வாதம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. 2014-இல் தொல்லியல் துறை நயா கிலாவில் ஒரு பகுதியைத் தோண்டிப் பார்த்தபோது குதுப் ஷாஹி காலத் தோட்டம் ஒன்று வெளிப்பட்டது. சுட்டமண் குழாய்கள், நீர்வாய்க்கால்கள், நடைபாதைகள் என்று வடிவாக அமைத்த அரண்மனைத் தோட்டம். அதாவது இந்த மண்ணில் முதலில் போடப்பட்ட புல்வெளி நம் காலத்தது கிடையாது. மூன்றரை நூற்றாண்டுக்கு முந்திய ஒரு தோட்டத்தின் பக்கத்தில்தான் 18 குழிகள் வெட்டியிருக்கிறோம். தோட்டம் எதுவரை விரிந்திருந்தது என்பதைத் தோண்டிப் பார்க்காமலே.

பாரம்பரிய ஆர்வலர்களின் புகார் இதோடு நிற்கவில்லை. மசூதியையும் பெருக்க மரத்தையும் பார்க்கப் போகிறவர்களுக்கு வழி சுருங்கிப்போனது என்பதைப் பல வருடங்களாகச் சொல்லி வருகிறார்கள். பக்கத்தில் ஷா ஹாதிம் தலாப் என்ற ஏரி இருக்கிறது. 2020 அக்டோபரில் கொட்டிய மழையில் ஏரி பொங்கி நதீம் காலனி பல நாள் தண்ணீரில் மிதந்தது. புல்வெளியைக் குறை சொன்னவர்கள் உண்டு. நீர்வழியை அடைத்துக் கட்டிய வீடுகளைச் சொன்னவர்களும் உண்டு. என் அனுமானத்தில் இரண்டாவதற்குத்தான் பங்கு அதிகம்.

மறுபக்க வாதத்தையும் கேட்டுவிட வேண்டும். கோல்ஃப் இல்லாமல் போயிருந்தால் இந்த நிலம் இன்று அபார்ட்மென்டாகியிருக்கும் என்கிறார்கள் சங்கத்தார். ஹைதராபாத்தில் இதை ஒரேயடியாகச் சிரித்துத் தள்ள முடியாது. ஏரிகளை ஏப்பம் விட்ட நகரம் இது. ஆக்கிரமிப்பை இடிப்பதற்கென்றே 2024-இல் ஹைட்ரா என்ற தனி அமைப்பை அரசு தொடங்க வேண்டி வந்தது. 2025-இல் கச்சிபௌலியில் பல்கலைக்கழகத்தை ஒட்டிய 400 ஏக்கர்க் காட்டை புல்டோசர் விட்டுத் திறந்தபோது உச்ச நீதிமன்றம் தலையிட்டுத்தான் வேலை நின்றது. இப்படிப்பட்ட ஊரில் பந்தடிக்க வரும் பெரிய மனிதர்கள் ஒரு நிலத்துக்குக் காவலாக இருப்பதில் பயன் இருக்கிறது. ஆனால் கோட்டை மதிலுக்குள் அபார்ட்மென்ட் வராமல் பார்த்துக்கொள்வது தொல்லியல் சட்டத்தின் வேலை. சட்டம் தூங்குவதால் கிளப் காவல் இருக்கிறது என்றால், அந்தக் காவலுக்குக் கூலியாக மைதானம் முழுவதையும் கொடுப்பது மிக அதிகச் சம்பளம்.

கச்சிபௌலிக் கதை வேறு மாதிரி. அங்கே கோல்ஃப் வெறும் அலங்காரம். உண்மையான சரக்கு வீட்டுமனை. மாநிலத் தொழில் உள்கட்டமைப்புக் கழகமும் துபாயின் எமார் நிறுவனமும் கூட்டுச் சேர்ந்த திட்டத்துக்கு மணிகொண்டாவில் 535 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. அதில் 235 ஏக்கர் கோல்ஃபுக்கு, 66 வருடக் குத்தகை. திட்டத்தின் மாநாட்டு மையம் 2006-இல் திறந்தது. பாறைகளுக்கிடையே பீட்டர் ஹாரடைன் வடிவமைத்த மைதானம் அழகு என்று ஆடியவர்கள் சொல்கிறார்கள். கழகத்தின் பங்கு 49 சதவீதத்திலிருந்து 26-க்குத் தேய்ந்ததும், வில்லா மனைகளின் விலை பற்றிய புகார்களும் 2011-இல் சி.பி.ஐ. விசாரணைக்கு இட்டுச்சென்றன. பொது-தனியார் கூட்டு என்றால் என்ன என்று ஹைதராபாத் மக்களுக்கு விளங்க வைத்த முதல் பெரிய பாடம் அது.

டெல்லியில் மூடிய கிளப், பொது மைதானம் என்ற இரண்டு மாதிரிகளும் ஒரே நகரில் அருகருகே உள்ளன. டெல்லி கோல்ஃப் கிளப் 1930-களில் வகுத்த மைதானத்தில், மத்திய அரசின் குத்தகை நிலத்தில் இருக்கிறது. ஆட்டப் பாதைக்கு நடுவே லால் பங்ளா போன்ற கல்லறைகள் நிற்கின்றன. சேர விண்ணப்பித்தவர் பல பத்தாண்டுகள் காத்திருப்பது சாதாரணம். 2017 ஜூனில், விருந்தினராக வந்த மேகாலயப் பெண் ஒருவர் காசி இனத்தவரின் ஜெய்ன்செம் உடையில் இருந்ததற்காக, அது வேலைக்காரர் உடைபோல் இருக்கிறது என்று சாப்பாட்டு அறையிலிருந்து வெளியே போகச் சொன்னார்கள். நாடே கொதித்தது, கிளப் வருத்தம் தெரிவித்தது. அரசு நிலத்தில் நிற்கும் மேசையில் யார் உட்காரலாம் என்பதை நடைமுறையில் தீர்மானிப்பது யார் என்று அன்றைக்கு ஒரு கணம் வெட்டவெளிச்சமானது.

அதே டெல்லியில் குதுப் மினாரிலிருந்து கூப்பிடு தூரத்தில், லாடோ சராயில், டெல்லி வளர்ச்சி ஆணையம் 2000-இல் ஒரு மைதானத்தைத் திறந்தது. காசு கொடு, ஆடு. சிபாரிசு, காத்திருப்புப் பட்டியல், தலைமுறை உறுப்பினர் எதுவும் தேவையில்லை. இந்தியாவின் முதல் பொது கோல்ஃப் மைதானம் என்று அதைச் சொல்கிறார்கள். பிறகு பல்ஸ்வாவிலும் ஆணையம் ஒன்று அமைத்தது. நியூயார்க் 1895-இல் செய்ததை நாம் செய்ய 105 வருடம் ஆனது. அதுகூடப் பரவவில்லை. சென்னையிலோ பெங்களூரிலோ மாநகராட்சி இப்படி ஒன்றை நடத்தவில்லை. ஷில்லாங் ஒரு இனிய விதிவிலக்கு. பைன் மரங்களுக்கிடையே சரிந்து கிடக்கும் அந்த மைதானம் கிளப்பினுடையதுதான். ஆனாலும் காலையில் நடப்பவர்களும் பிள்ளைகளும் அதை ஊர்ப்பொது வெளியாகவே பாவித்து வந்திருக்கிறார்கள். சட்டத்தில் இல்லாத ஞாயிற்றுக்கிழமை அது.

இனி கிண்டி. தமிழ் வாசகர்களுக்கு இது அண்மைச் செய்தி. மெட்ராஸ் ரேஸ் கிளப்புக்கு 160 ஏக்கர் 86 சென்ட் அரசு நிலம், 1945 ஏப்ரல் 1 முதல் 99 வருடக் குத்தகைக்கு விடப்பட்டது. ஆண்டு வாடகை 614 ரூபாய் 13 அணா. இன்றைக்கு அந்த வட்டாரத்தில் ஒரு நாள் அறை வாடகைக்கே அந்தப் பணம் போதாது. குதிரை ஓடும் பாதைக்கு உள்ளே கிடந்த நிலத்தில் மெட்ராஸ் ஜிம்கானா கிளப்பார் கோல்ஃப் ஆடினார்கள். அதாவது குத்தகைக்காரரிடமிருந்து இடம் பெற்ற இன்னொரு கிளப். வாடகையை உயர்த்த அரசு 1970 முதல் முயன்றது, கிளப் மறுத்தது, வழக்கு நடந்தது. 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் 730 கோடியே 86 லட்சம் ரூபாய் பாக்கியைக் கட்டச் சொன்னது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து இடத்துக்குச் சீல் வைத்தது. 118 ஏக்கரில் தோட்டக்கலைத் துறையின் பூங்கா என்ற அறிவிப்பு வந்தது. வேளச்சேரி வெள்ளத்தை மனதில் வைத்து மாநகராட்சி உள்ளே குளங்கள் வெட்டியது. கிளப்புகள் நீதிமன்றம் போயின. அதே 2024-இல் ஊட்டியிலும் ரேஸ் கோர்ஸின் 52 ஏக்கரை அரசு எடுத்துச் சூழல் பூங்காவுக்கென்று தோட்டக்கலைத் துறையிடம் கொடுத்தது.

எடுத்ததில் எனக்கு மறுப்பில்லை. 614 ரூபாய் குத்தகையை எந்தத் தராசிலும் நியாயப்படுத்த முடியாது. என் குறை வேறு இடத்தில். இவ்வளவு நடந்தும், மேசைக்கு வந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான்: பாக்கியைக் கட்டினாயா இல்லையா? கட்டியிருந்தால் என்ன? 730 கோடியைக் கிளப் ஒரே காசோலையில் எழுதிக் கொடுத்திருந்தால், 2044 வரை அந்த நிலத்தில் சைதாப்பேட்டைக்காரரோ வேளச்சேரிக்காரரோ கால் வைக்க வழியில்லாமலே இருந்திருக்கும். அரசும் வாயைத் திறந்திருக்காது. வாடகை என்பது அரசுக்கும் கிளப்புக்கும் இடையிலான விவகாரம். மக்களுக்கு நிலம் திறந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை குத்தகையில் எப்போதும் இருந்ததில்லை. இப்போதும் யாரும் அதைக் கேட்கவில்லை. நந்தனத்தில் காஸ்மோபாலிட்டன் கிளப்பின் மைதானம் அண்ணா சாலையை ஒட்டி இருக்கிறது. 1873-இல், வெள்ளையர் கிளப்புகளில் நம்மவர்களுக்கு இடமில்லாதபோது இந்தியர்கள் தொடங்கிய கிளப் அது. வாயில் மூடியிருந்தால் என்ன செய்வது என்பதற்கு நம் முன்னோர் கண்ட பதில், இன்னொரு வாயில் கட்டி அதையும் மூடுவது.

வாயிலைத் தாண்டி உள்ளே போன சாமானியர்கள் ஒரு வழியில்தான் போனார்கள்: மட்டைப் பையைத் தோளில் சுமந்து. இந்திய கோல்ஃபின் நேர்மையான வரலாற்றை எழுதினால் அதில் பாதி இவர்களுடையது. 1991-இல் இந்தியன் ஓப்பன் பட்டம் வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர், டெல்லியில் பை சுமந்து வளர்ந்தவர். எஸ்.எஸ்.பி. சௌரசியாவின் தந்தை ராயல் கல்கத்தா கிளப்பில் புல் பராமரித்தவர். மைதானத்தின் ஓரத்திலேயே வளர்ந்த மகன் 2008-இல் டெல்லியில் ஐரோப்பியச் சுற்றின் பட்டத்தை வென்றார், 2016-லும் 2017-லும் இந்தியன் ஓப்பனை வென்றார். 2009-இல் அதே பட்டத்தை எடுத்த சி. முனியப்பா பெங்களூரில் பை சுமந்தவர். பல கிளப்புகளில் வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் திங்கட்கிழமை, மைதானம் உறுப்பினருக்கு மூடியிருக்கும். அன்று பை சுமப்பவர்களை ஆட விடுவார்கள். இந்த நாட்டுக்குக் கோப்பைகள் வந்தது அந்தத் திங்கட்கிழமைகளிலிருந்து. பொது மைதானம் இல்லாத நாட்டில் ஏழைப் பிள்ளைக்கு ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள இருந்த ஒரே பள்ளிக்கூடம் கூலி வேலைதான்.

நம்மவர் ஒருவரின் கதை கடல் கடந்தும் உண்டு. டர்பனில் இந்திய வம்சாவளியில் பிறந்த பாப்வா சௌகோலம் பை சுமந்தே ஆட்டம் பழகினார். இடக்கையைக் கீழே வைத்துப் பிடிக்கும் தலைகீழ்ப் பிடி. யாரும் சொல்லிக்கொடுக்காததால் வந்தது. 1959, 1960, 1964 ஆண்டுகளில் டச்சு ஓப்பனை வென்றார். 1963-இல் நேட்டால் ஓப்பனை வென்றபோது கிளப் கட்டடத்துக்குள் நிறவெறிச் சட்டம் அவரை விடவில்லை. மழையில் வெளியே நிறுத்திக் கோப்பையைக் கையில் கொடுத்தார்கள். அந்தப் படம் உலகெங்கும் போனது. இன்று டர்பனில் மாநகராட்சியின் மைதானம் ஒன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. அமெரிக்காவிலும் நகராட்சி மைதானங்கள் வெள்ளையருக்கு மட்டும் என்றுதான் தென்மாநிலங்களில் இருந்தன. அட்லாண்டா நகரின் மைதானத்தில் ஆட விடவில்லை என்று கறுப்பினத்தார் தொடுத்த வழக்கில் 1955-இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வழக்குப் போட முடிந்ததே அது நகராட்சி மைதானம் என்பதால்தான். தனியார் கிளப்பாக இருந்திருந்தால் வாதத்துக்கே இடமில்லை. பொது என்ற சொல் சட்டப் புத்தகத்தில் இருந்தால், என்றாவது ஒருநாள் யாராவது அதைப் பிடித்துக்கொண்டு ஏறலாம்.

இப்போது உலகமே இந்த நிலங்களைத் திரும்பப் பார்க்கிறது. ஹாங்காங் அரசு 2023 செப்டம்பரில் ஃபன்லிங் மைதானத்தின் 172 ஹெக்டேரில் 32-ஐ எடுத்துக்கொண்டது, வீடு கட்ட. அடுத்த மாதமே சிட்னியில் மூர் பார்க் மைதானத்தை 18 குழியிலிருந்து ஒன்பதாகக் குறைத்து, மீதியைப் பூங்காவாக்கப் போவதாக மாநில அரசு அறிவித்தது. சிங்கப்பூரில் கதை தலைகீழ்: அங்கே இருந்த ஒரே 18 குழிப் பொது மைதானமான மரீனா பே, குத்தகை முடிந்து 2024-இல் மூடப்பட்டது. தனியார் கிளப்புகள் சில தப்பிக்க, எல்லோரும் ஆடக்கூடிய மைதானம் போய்விட்டது. நிலம் குறைந்த ஊரில் முதலில் விழுவது பொதுவானதுதான் போலும்.

இவற்றில் நமக்கு ஒத்துவருவது சிட்னியின் வழி என்று நினைக்கிறேன். ஒன்பது குழிக்கு ஐம்பது அறுபது ஏக்கர் போதும். இரண்டு முறை சுற்றினால் பதினெட்டு. கோல்கொண்டாவில் இதைச் செய்வதில் தொழில்நுட்பச் சிரமம் எதுவும் இல்லை. 2014-இல் தோண்டிய தோட்டத்தை ஒட்டிய பாதியைத் தொல்லியல் துறையிடம் விட்டால் தோட்டத்தின் மீதி எல்லையைத் தோண்டிப் பார்க்கலாம். மசூதிகளுக்கும் பெருக்க மரத்துக்கும் தனி நடைபாதை கிடைக்கும். மற்ற பாதியில் ஆடுவோர் ஆடட்டும், லாடோ சராய் முறையில், கட்டணம் கொடுத்து, உறுப்பினர் அட்டை கேட்காமல். தொழில்முறைச் சுற்றின் கோல்கொண்டா மாஸ்டர்ஸ் போன்ற போட்டிக்கு 18 குழி வேண்டும் என்பார்கள். மேற்கே கச்சிபௌலியில் அரசின் பங்கோடு 235 ஏக்கர் இருக்கிறது. போட்டியை அங்கே நடத்தலாம்.

இதைச் செய்ய மாட்டார்கள் என்பதற்கும் காரணம் தெரிந்ததுதான். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கையெழுத்திட வேண்டிய அதிகாரியும், அதை எதிர்த்துக் குரல் கொடுக்க வேண்டிய பெரிய மனிதரும் பல நேரம் ஒரே கிளப்பின் உறுப்பினர்கள். 1829-இல் கல்கத்தாவில் இருந்த அதே ஏற்பாடு. கிண்டியில் அது உடைந்ததற்குக் கோபமும் பாக்கியும் காரணம். உடைந்த இடத்தில் வரும் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் எவ்வளவு, எத்தனை மணிக்குத் திறக்கும், சைதாப்பேட்டைப் பக்கம் ஒரு வாசல் இருக்குமா என்ற கேள்விகளை இப்போதே கேட்பது நல்லது. செம்மொழிப் பூங்காவுக்கும் கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவுக்கும் டிக்கெட் எடுத்துத்தான் உள்ளே போகிறோம்.